முகைதீன், மீதின், மொஹிதீன்: ஊவாத் தோட்டப் பதிவுகளில் நம்மவர் பெயர்கள்

ஊவா முஸ்லிம்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பதுளைக் கடைத்தெருவோடு நின்றுவிடுகிறார்கள். பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை என்று விரிந்து கிடக்கும் தோட்டங்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதை யாரும் மறுப்பதில்லை. யார், எவர் என்று கேட்டால்தான் பதில் வராது. காகிதங்கள் கொஞ்சமாவது இருக்கின்றன. அவற்றில் காணும் பெயர் ஒருவருடையதா, நான்கு பேருடையதா என்பதே பெரும்பாடு.

இதற்கு நம்முடைய பெயர் வைக்கும் வழக்கமே முதற் காரணம். முகைதீன், காதர், கவுஸ் என்பன அப்துல் காதிர் ஜீலானி நாயகத்தின் நினைவாக வந்தவை. சாகுல் ஹமீது, மீரான் என்றால் நாகூர். தமிழகக் கரையிலிருந்து மலையேறிய குடும்பங்களில் இந்தச் சில பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன. போதாததற்குப் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். காதர் என்பவருக்கு முகைதீன், முஸ்தபா என்று இரண்டு ஆண்மக்கள் என்று வையுங்கள். இருவரும் தம் மூத்த மகனுக்கு வாப்பாவின் பெயரையே வைத்தால், ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில், இரண்டு ‘மு. காதர்’ நடமாடுவார்கள். துவான் என்று தொடங்கினால் மலாயர் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். நம்முடைய பெயர்களுக்கு அப்படியொரு எளிய அடையாளம் கிடையாது. லெப்பை, மரைக்கார், ராவுத்தர் என்பவைகூட ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டும் இன்னோரிடத்தில் உதிர்ந்தும் கிடக்கும்.

அடுத்தது எழுத்து. ஹலீமும் அலீமும் அரபியில் வெவ்வேறு சொற்கள். நம் பேச்சில் இரண்டும் ‘அலீம்’தான். ஹாமிதும் ஹமீதும் ‘அமீது’ ஆகிவிடும். ஜஃபரும் ஜாபிரும் பழைய தமிழ் எழுத்தில் ‘சாபர்’. இதைத் தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிப்போட்டுட்டுப் போயிடுவார். பிற்பாடு வேறொருவர் அதைத் தமிழுக்குத் திருப்புவார். முகைதீன் மீதினாகி, மீதின் மொஹிதீனாகி வருவதற்கு இரண்டு தலைமுறை வேண்டியதில்லை, இரண்டு மேசை போதும். இவ்விடத்தில் நமக்குக் கைகொடுப்பது அரபுத்தமிழ். எங்காவது ஓர் உறுதியிலோ கணக்குக் கொப்பியிலோ அந்த மனிதர் தம் பெயரை அரபு எழுத்தில் ஒப்பமிட்டிருந்தால், ஹேயா அய்னா, ஜஃபரா ஜாபிரா என்பது ஒரே பார்வையில் தீர்ந்துவிடும். பழைய கொப்பிகளைக் கறையான் தின்ன விடக்கூடாது என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தோட்ட நிருவாகம் பெயரை அவ்வளவாக நம்பவில்லை, இலக்கத்தை நம்பியது. 1901இல் தொடங்கிய தகர டிக்கட் முறையில் தொழிலாளியின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகடு தொங்கியது. செக்றோலிலும் இலக்கத்துக்கு நேரேதான் பேர் விழும். அந்தப் பேர் பெரும்பாலும் கங்காணி சொன்ன பேர். இலக்கமிட்டு மனிதரை நடத்தியது இழிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இன்று தேடுகிறவனுக்கு அந்த இலக்கம் பெயரைவிட உறுதியான கயிறு.

இந்தப் பெயர்க் குழப்பம் குடும்பங்களின் தலையில் வந்து விழுந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இங்கே பிறந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதாவது வாப்பாவின் பெயரும் அப்பாவின் பெயரும் காகிதத்துக்குக் காகிதம் ஒத்துப்போக வேண்டும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவர்க்கு 10 ஆண்டு தொடர்ந்த வதிவைக் கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் அந்தத் தொடர் அறுந்தது. செக்றோலில் மீதின், பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் முகைதீன் ராவுத்தர் என்றிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவும் சுமை விண்ணப்பகாரர் தலையில். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பெரும்பாலோர் இந்துத் தொழிலாளர்கள். ராமசாமிக்கும் முத்துசாமிக்கும் இதே கதிதான். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்கூட, 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்தவரா, அவர் வழி வந்தவரா என்றே கேட்டது.

சரி, எதைக் கொண்டு இணைப்பது? என் அனுபவத்தில் நிக்காஹ் பதிவேடே முதலிடம் பெறும். 1886ஆம் ஆண்டிலேயே முஸ்லிம் விவாகப் பதிவுக்கென்று தனிச்சட்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளை, பெண், தந்தையர், வலீ, மஹர் என்று ஒரே ஏட்டில் பல பெயர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஒரு காதரை இன்னொரு காதரோடு குழப்பலாம். மாமனாரும் மச்சானும் சேர்ந்து வந்தால் குழப்புவது கடினம். பெண்கள் விஷயத்தில் இதுவும் அரைகுறைதான். பாத்திமா பீவி, பாத்துமுத்து, பாத்துமா உம்மா எல்லாம் ஒருவராகவே இருக்கக்கூடும். பெண்ணின் கையொப்பத்தைச் சட்டம் கேட்காததால் அவர் பெயரை எழுதியவர் எப்போதும் வேறொருவர்.

மையவாடிக் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் கணக்குப் பார்த்தே தீர வேண்டும். ஹிஜ்ரி 1340 என்பது 1921 செப்டெம்பரில் தொடங்கி 1922 ஆகஸ்டில் முடிகிறது. ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயதென்றால் ஆங்கிலக் கணக்கில் 64. மௌத்துப் பதிவில் வயது இரண்டு குறைகிறது என்பதற்காக ஆள் வேறு என்று தள்ளிவிடாதீர்கள்.

வாய்மொழியிலும் ஒரு குழி உண்டு. நம் ஊர்கள் பலவற்றில் வாப்பா என்றால் தகப்பன், அப்பா என்றால் பாட்டன். “எங்கட அப்பா பசறையில கடை வெச்சிருந்தாரு” என்று ஒரு மூதாட்டி சொல்வதைக் கேட்டுத் தகப்பன் என்று எழுதிக்கொண்டால், ஒரு தலைமுறையே காணாமற் போகும்.

பெயரும் ஊரும் ஒத்தால் போதும், ஒரே ஆள் என்று முடிகட்டுவது நம்முடைய பள்ளிவாசல் மலர்களில் சகஜம். பள்ளிக்குக் காணி கொடுத்தவரும், கங்காணியாக இருந்தவரும், அரபு மத்ரசாவில் ஓதியவரும் ஒரே சாகுல் ஹமீதாகிவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு சான்று வேண்டும்: தகப்பன் பெயரோ, செக்றோல் இலக்கமோ, மாமனாரோ. அதோடு மறுப்புச் சான்றையும் தேட வேண்டும். 1930இல் மௌத்தானவர் 1935இல் சாட்சிக் கையொப்பம் போட முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அன்றைய குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர் என்றும் இந்தியச் சோனகர் என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. 1948க்குப் பிறகு எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது சோற்றுப் பிரச்சினை. அப்படியொரு காலத்தில் ராவுத்தர் என்ற பின்னொட்டு உதிர்ந்ததென்றால், அதைக் கிளாக்கரின் கவனக்குறைவு என்று மட்டும் கொள்ள முடியாது. அந்த வீட்டார் தாமாகவே உதிர்த்திருக்கவும் கூடும். அத்தகைய குடும்பத்தின் காகிதங்களை ஒன்றோடொன்று பொருத்தி அச்சில் போடுவதற்கு முன், அவர்களின் வாசலில் போய்ச் சலாம் சொல்லிக் கேட்டுவிட்டு வருவதே முறை.