ஓரம் என்னும் சொல்

'ஓரம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. விளிம்பு என்பது ஒன்று. பட்சபாதம் என்பது மற்றொன்று. சாலையோரம் என்று வழங்கும் அதே சொல்தான் ஓரவஞ்சனை என்றும் வழங்குகிறது. நீதி சொல்ல வேண்டியவர் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவதை 'வழக்கோரம்' என்று பழித்தனர் நம் முன்னோர். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும் இடம் இலங்கையின் மாத்தளை மாவட்டம்.

மாத்தளையிலிருந்து எல்கடுவத் தேயிலைத் தோட்டங்களை நோக்கி ஏறுவது மலைப்பாதை. இத்தகைய பாதைக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டின் அடியில் மழைநீர் வடியக் கான் வெட்ட வேண்டும். பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கி ஓரம் கட்ட வேண்டும். கான் அடைபட்டால் வெள்ளம் பாதைமேல் பாயும். ஓரம் சரிந்தால் பாதையே சரியும். ஆகவே மலைநாட்டில் ஓரம் என்பது பாதையில் மிஞ்சிய இடமன்று. பாதையைத் தாங்கும் உறுப்பு.

தாங்கிய மனிதர் யார்? 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மூட்டைகளைத் துறைமுகம் சேர்க்கத் துரைமாருக்குப் பாதைகள் தேவைப்பட்டன. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் பாதை வேலை செய்ய வேண்டும், அன்றேல் 3 ஷில்லிங் செலுத்த வேண்டும் என 1848இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் செய்தது. துரையின் காப்பி செல்லும் வழிக்குச் சிங்கள விவசாயியின் உடலுழைப்பு வரியாயிற்று! வேறு புதிய வரிகளும் சேரவே, அவ்வாண்டு ஜூலையில் மாத்தளை பொங்கி எழுந்தது. தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காட்டை அழித்துத் தோட்டங்களை உண்டாக்கியவரோ தமிழகத்து ஏழை மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து, மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் காலராவாலும் வழியோரத்தில் விழுந்து மாண்டவர் பலர். அவர்களுக்கு ஓரமே இடுகாடாயிற்று.

பிழைத்தவர் வழித்தோன்றல்கள்பால் சட்டமும் ஓரம் சாய்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. சரக்கைப் பங்கிடுவோர் சரக்கின் சம்மதத்தைக் கேட்பதுண்டோ? நாடற்று எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. வாக்குரிமை வந்தது; காணியுரிமை வரவில்லை. தமக்கெனத் துண்டு நிலமின்றி லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் ஏராளம்.

சிங்கள விவசாயியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பாதையின் இரு ஓரங்களில் நிறுத்தப்பட்டவர்கள். ஒருவரையொருவர் பகைவராகக் காணுமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. நடுவே மூட்டைகள் தடையின்றிச் சென்றன. ஓரம் இடிந்தால் பாதை நில்லாது என்பதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலை நமக்கு உணர்த்துகிறது. நாட்டை ஆள்வோரும் அதனை உணர வேண்டும். ஓரத்தில் நின்று தாங்கியவனுக்கு நிற்க நிலம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அது கருணையன்று, நெடுநாள் பாக்கி.