மடக்குக் கத்தி வளர்ந்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை அவனுடைய வகுப்பாசிரியை என் அறைக்கு அழைத்து வந்தார். அவனது எழுதுகோல் பெட்டியில் சிறிய மடக்குக் கத்தி ஒன்று இருந்ததாம். பள்ளி விதி தெளிவானது. கத்தியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பையன் அழவில்லை. "இது எங்க தாத்தாவோட பேனாக்கத்தி, ஐயா. பென்சில் சீவத்தான் கொண்டாந்தேன்" என்றான். வாயில்வரை சென்றவன் திரும்பி நின்று, "பேனாவைச் சீவ முடியாதே, ஐயா. அப்புறம் ஏன் இதுக்குப் பேனாக்கத்தின்னு பேரு?" என்று கேட்டான்.

ஆசிரியப் பயிற்சி பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். ஆயினும் அவ்வினாவிற்கு விடை கூற இயலவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் நான் கற்றறிந்தவற்றை ஆசிரியப் பெருமக்களும் மாணவச் செல்வங்களும் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதுகிறேன்.

விடை எளியது. பேனா என்னும் சொல்லுக்கு மூலமான 'பென்னா' என்பது இலத்தீன் மொழியில் பறவையின் இறகைக் குறிக்கும். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பியர் வாத்தின் இறகைக் கொண்டே எழுதினர். இறகின் தண்டைச் சாய்வாகச் சீவி, நுனியில் நடுவே கீறலிட்டு, மையைத் தாங்கும் முள்ளாக அதனை அமைப்பர். எழுத எழுத அம்முள் தேயும். தேய்ந்த முள்ளை மீண்டும் சீவ வேண்டும். ஆதலால் எழுதுவோன் ஒவ்வொருவனுக்கும் சிறு கத்தி இன்றியமையாததாயிற்று. இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களில் ஏடு எழுதுவோன் ஒரு கையில் இறகும் மறு கையில் கத்தியும் ஏந்தியிருக்கக் காணலாம். தோல் ஏட்டை அசையாமல் அழுத்திப் பிடிக்கவும், பிழையாக எழுதியதைச் சுரண்டி நீக்கவும் அதே கத்தி பயன்பட்டது. எழுதுகோலும் அழிப்பானும் ஒருங்கே இருந்த காலம் அது.

இதனை அறிந்தபோது நம் முன்னோர் நினைவு எழுவது இயல்பே. பனையோலையில் எழுதிய தமிழர்க்கும் கத்தி வேண்டியிருந்தது. ஓலையின் ஓரங்களை வாரிச் செப்பம் செய்த பின்னரே எழுத இயலும். எழுத்தாணியின் ஒரு புறத்தில் கத்தி அமைந்ததனை வாரெழுத்தாணி என்றனர். மடக்கெழுத்தாணி என்று மற்றொரு வகையும் இருந்தது. அதன் மரப்பிடிக்குள் ஒரு புறம் எழுத்தாணியையும் மறு புறம் கத்தியையும் மடக்கி வைக்கலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இவ்வகைகளை விளக்கியுள்ளார். ஒருவரையொருவர் பார்த்துச் செய்யாமலே இரு நிலத்து எழுத்தாளரும் ஒரே தேவைக்கு ஒத்த கருவியை ஏந்தினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயின் மடக்குக் கத்தி எழுத்துப் பணிக்கென்றே தோன்றியதன்று. அதன் வயது அதனினும் மிகப் பெரிது. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னும் இடத்தில் எலும்புப் பிடியுடன் கூடிய மடக்குக் கத்தி கிடைத்துள்ளது. அது கி.மு. 600க்கும் 500க்கும் இடைப்பட்டது என்பர். உரோமானியர் மடக்குக் கத்தியைப் பரவலாக வழங்கினர். கேம்பிரிட்ஜில் உள்ள பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கருவி ஒன்று உள்ளது. அதில் கரண்டி, முள்கரண்டி, கூர்முனை முதலியவற்றோடு இரும்புக் கத்தியும் மடங்கி அடங்கும். பல தொழில் செய்யும் சட்டைப்பைக் கருவி இந்நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

அக்காலக் கத்திகளில் பூட்டு இல்லை, வில்லும் இல்லை. அலகும் பிடியும் உராய்ந்து நிற்கும் இறுக்கமே அலகைத் தாங்கியது. இறுக்கம் தளர்ந்தால் அலகு தானே மடங்கி விரலை வெட்டும். எனவே மடக்குக் கத்தியின் வரலாறு என்பது கூர்மையின் வரலாறு மட்டும் அன்று. அலகை விரித்த நிலையில் நிறுத்துவது எங்ஙனம், மடக்கிய நிலையில் அடக்குவது எங்ஙனம் என்னும் இரு வினாக்களுக்கு மனிதன் விடை தேடிய வரலாறே அது.

அவ்விடைகளுள் ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவிஞர் சாசர் தம் கதைமாந்தன் ஒருவனை ஷெஃபீல்டுக் கத்தி உடையவனாகக் காட்டுகிறார். அங்குள்ள கத்தித் தொழிலாளர்க்கு 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழிச் சங்கம் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிடியின் முதுகில் எஃகு வில் பொருத்தும் முறை அங்கே பரவியது. அலகை விரித்தாலும் மடக்கினாலும் அவ்வில் அதனை அழுத்தி நிறுத்தும். நம் பாட்டன்மார் பையில் வைத்திருந்த பேனாக்கத்திகளுள் பெரும்பாலானவை இம்முறையில் அமைந்தவையே. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் எஃகை மூசையில் இட்டு உருக்கித் தூய்மை செய்யும் வழியைக் கண்டார். 1913இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதும் அந்நகரிலேதான்.

இப்புகழின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அலகுகளைச் சாணைக்கல்லில் தீட்டிய தொழிலாளர் கல்தூசியையும் எஃகுத் தூசியையும் நாள்தோறும் உட்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் அவருள் பலர் நுரையீரல் நோயுற்று இளமையிலேயே மாண்டனர். நீரின்றி உலர்கல்லில் முள்கரண்டி தீட்டியோர் நிலை அனைத்திலும் கொடியது. சட்டைப்பையில் மின்னிய அலகுகளின் பின்னே இத்தகைய உயிர்களும் இருந்தன.

1820களில் பர்மிங்காம் நகரில் எஃகு முட்கள் பெருமளவில் செய்யப்படலாயின. இறகுப் பேனா மெல்ல மறைந்தது. பேனாக்கத்தியோ பெயரை இழக்காமல் தொழிலை மாற்றிக்கொண்டது. பென்சில் சீவியது, பழம் நறுக்கியது, கயிறு அறுத்தது.

1890இல் பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் பதினெட்டு வயது இளைஞர் ஜோசப் ஓப்பினெல், உழவர்க்கு ஏற்ற எளிய கத்தி ஒன்றைச் செய்தார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் அச்சாணி. வேறு ஒன்றும் இல்லை. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் அதனை விற்றார். சிறுவனுக்கு ஓர் எண், மேய்ப்பனுக்கு ஓர் எண் என்று கைக்கேற்ற அளவை வாங்கலாம் அன்றோ! அவற்றுள் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செண்டிமீட்டர் நீளமுடையது. 1955இல் அலகின் அடியில் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் விரிந்த அலகு மடங்காது. உழவர் அறுபத்தைந்து ஆண்டுகள் கையாண்ட பின்னரே அக்கத்திக்குப் பூட்டு வாய்த்தது.

சுவிட்சர்லாந்தின் கதை வேறு. அந்நாட்டுப் படைவீரன் தன் துப்பாக்கியைக் கழற்றவும் தகர உணவுப் பெட்டியைத் திறக்கவும் ஒரே கருவியை நாடினான். முதற்கத்திகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இபாக் என்னும் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், தம் நாட்டு வீரர்க்குத் தம் நாட்டிலேயே கத்தி செய்தல் வேண்டும் என்று உறுதி பூண்டு, 1891இல் படைக்குக் கத்தி வழங்கினார். ஆயின் ஜெர்மானியர் குறைந்த விலைக்கு விற்றமையால் பெருங்கடனில் வீழ்ந்தார். எனினும் முயற்சியைக் கைவிடவில்லை. ஒரே வில்லின் இரு புறமும் கருவிகள் அமையும் வகையில், எடை குறைந்த அதிகாரிகள் கத்தியை வகுத்து 1897இல் பதிவு செய்தார். 1909இல் அவர்தம் தாயார் விக்டோரியா மறைந்தார். அவர் பெயரையே நிறுவனத்திற்குச் சூட்டினார். பின்னர், 1921இல், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல் சேர்ந்து அது விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

இவையெல்லாம் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் கத்திகள். 20ஆம் நூற்றாண்டு வேறு வழி கண்டது. மழுங்கிய அலகைத் தீட்டாமல் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவதே அது. அமெரிக்காவின் ஸ்டேன்லி நிறுவனம் 1936இல் அத்தகைய பயன்பாட்டுக் கத்தியை வெளியிட்டது. அதன் அலகு ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தகடு. ஒரு முனை மழுங்கினால் திருப்பி மாட்டி மறு முனையைப் பயன்கொள்ளலாம். ஜப்பானின் ஒசாகா நகரில் ஓக்கடா யோஷியோ என்னும் அச்சகத் தொழிலாளி, தாள் வெட்டும் சவர அலகுகள் வீணாவதைக் கண்டு வருந்தினார். உடைந்த கண்ணாடியின் கூர்விளிம்பும், கோடு கோடாக உடையும் சாக்லேட் கட்டியும் அவர் சிந்தையில் இணைந்தன. 1956இல் நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கத்தி பிறந்தது. நம் பள்ளிகளில் 'கட்டர்' என்று வழங்குவது அதன் வழித்தோன்றலே. பழைய மடக்குப் பிடியும் மாற்றத்தகு புதிய அலகும் ஒன்றானபோது, இன்று கடைகளில் காணும் மடக்குப் பயன்பாட்டுக் கத்தி உருவாயிற்று.

ஆகவே அன்றாடப் பயன்பாட்டிற்கு ஒரு கத்தியைத் தெரிவு செய்வோர், வரலாறு கற்பிக்கும் வினாக்களையே தமக்குள் கேட்டல் போதும்.

செய்யும் தொழில் யாது என்பது முதல் வினா. பாடநூல் பெட்டிகளைப் பிரிப்பதற்கும் அட்டை வெட்டுவதற்கும் அலகு மாற்றும் கத்தி நன்று. அட்டை அலகை விரைவில் மழுக்கும். நாள்தோறும் தீட்டிக்கொண்டிருக்க நமக்கு நேரம் ஏது? பழம் நறுக்கவும் குச்சி சீவவும் தீட்டும் அலகே ஏற்றது.

அலகு எங்ஙனம் நிற்கிறது என்பது இரண்டாவது. அழுத்தி வெட்டும் தொழிலுக்குப் பூட்டு வேண்டும். பூட்டை விடுவிக்கும்போது விரல் அலகின் வழியில் இருத்தல் கூடாது. கடையிலேயே மும்முறை விரித்து மடக்கிப் பார்த்து, அலகு ஆடினால் வாங்காது விடுக.

கைக்கு அடங்குமா என்பது மூன்றாவது. பிடி நான்கு விரல்களையும் தாங்குதல் வேண்டும். பையில் பாரமாதல் கூடாது.

நான்காவது, சட்டம் இசையுமா என்பது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், 3 அங்குலத்திற்கு மேற்படாத அலகுடைய மடக்குக் கத்திக்கு விலக்களித்தது. எனினும் பூட்டுடைய கத்தி அவ்விலக்கில் அடங்காது என்று நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம், முறையான நோக்கமின்றித் தாக்குகருவியைப் பொது இடத்தில் ஏந்துவதைக் குற்றமாகக் கொள்கிறது. விசையைத் தட்டியதும் பாயும் கத்தியை எக்காரணத்தாலும் வாங்குதல் வேண்டா. 2001ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் வைத்தலும் ஆகாது.

கழிந்த அலகைக் குப்பையில் வெறுமனே எறிவோர் உளர். குப்பை அள்ளுபவரின் கையும் கைதானே! மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்தபின் ஒட்டி மூடி அகற்றுதல் வேண்டும்.

மூன்று வாரங்கள் கழித்து, கத்தியைப் பெற்றுக்கொள்ளப் பையனின் தாத்தா வந்தார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். பக்கத்துக் கம்பத்தில் வாத்து வளர்க்கும் வீட்டிலிருந்து சில இறகுகள் பெற்று வைத்திருந்தேன். முந்திய இரவு நானே சீவிப் பார்த்து நான்கினைப் பாழாக்கியிருந்தேன். எஞ்சிய ஒன்றை அவரிடம் தந்து, செய்ய வேண்டியதைச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவர் சூழ்ந்து நிற்க, பெரியவர் தம் பேனாக்கத்தியை விரித்தார். ஒரு சாய்வு வெட்டு, அதன்பின் ஒரு வளைவு, நுனியில் ஒரு கீறல். கை நடுங்கவில்லை.

"எப்படித் தாத்தா அவ்வளவு சரியா நிறுத்துனீங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"பட்டையைத்தான் சீவணும், மரத்தைத் தொடக்கூடாதும்மா. தொட்டா மரம் புண்ணாயிரும். எங்க வெட்டணும்கிறதைவிட எங்க நிறுத்தணும்கிறதுதான் தொழில்" என்றார் அவர்.

பையன் அவ்விறகை மையில் தோய்த்துத் தன் பெயரை எழுதினான். மை சற்றே கசிந்தது, எழுத்து விளங்கியது. பெரியவர் அலகைத் துடைத்து மடக்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். பள்ளி விதி இன்றும் மாறவில்லை. மாற்றவேண்டும் என்று நான் கூறவும் இல்லை. ஆயின் ஒரு பொருளைப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கும் ஆசிரியர், அப்பொருளைப் பற்றிய அறிவை அவனுக்குத் தரக் கடமைப்பட்டவர். அன்று அக்கடனை அடைத்தேன். வட்டி மட்டும் மூன்று வாரம் ஏறிவிட்டது.