யார் எய்த பன்றி?

மகாபாரதத்தின் வனபருவத்தில் ஒரு பன்றிக்காக நடக்கும் சண்டையை அறியாதவர் குறைவு. தவம் செய்ய மலையேறிய அருச்சுனனை நோக்கி அசுரன் ஒருவன் பன்றி உருவெடுத்துப் பாய்ந்து வருகிறான். அருச்சுனன் அம்பு தொடுக்கிறான். அதே கணத்தில் அம்மலையின் வேடன் ஒருவனும் அம்பு தொடுக்கிறான். பன்றி சாய்கிறது. 'நான் குறிவைத்த விலங்கின்மீது நீ எப்படி எய்யலாம்?' என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். சொல் முற்றி வில்லாகிறது, வில் முறிந்து மல்லாகிறது. இறுதியில் வேடன் சிவனென்று தெரிகிறது; பாசுபதம் கிடைக்கிறது. பாரவி இதைச் சமஸ்கிருதத்தில் காவியமாக்கினார். நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில்களில் அருச்சுனன் தபசு என்ற பெயரில் கூத்தர்கள் இன்றும் இதை ஆடி வருகிறார்கள்.

கதையிலிருந்து கடவுளை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒரு வழக்கு. வெளியிலிருந்து மலைக்கு வந்தவன் ஒருவன், மலையிலேயே இருப்பவன் ஒருவன், இடையில் ஒரு பன்றி. வந்தவனுக்குத் தன் அம்பின் மீது ஐயமே இல்லை. சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலைகளில் கடந்த இருநூறு ஆண்டுகளில் நடந்ததும் இதே வழக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே வேறுபாடு, இங்கே வேடன் கடைசிவரை வேடனாகவே இருந்துவிட்டான்.

ஏற்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது, பேசுவது தமிழ். தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே. அவற்றுள் ஒன்று ஏற்காடு. இவர்களுடைய தோற்றக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் பதிவு செய்திருக்கிறார். காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். மூவரும் நாய்களோடு வேட்டைக்குப் போகிறார்கள். நாய்கள் மட்டும் தனியே வீடு திரும்புகின்றன. எசமானர்கள் இறந்துவிட்டார்கள் என்று எண்ணிய மனைவியர் தீயில் மாய்ந்துவிடுகிறார்கள். திரும்பி வந்த மூவரும் வெவ்வேறு குலங்களில் புதிதாக மணம் செய்துகொண்டு, ஆளுக்கொரு மலையில் குடியேறுகிறார்கள். பெரியண்ணன் வந்து சேர்ந்த மலை சேர்வராயன் என்பது மரபு.

இக்கதையை மானிடவியலாளர்கள் குடிப்பெயர்ச்சியின் நினைவாகவும் குலக் கலப்பின் விளக்கமாகவும் படித்திருக்கிறார்கள். நாம் அதில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஓர் இனம் தன் பிறப்பை ஒரு போரிலோ அரசனின் கொடையிலோ வைக்கவில்லை, ஒரு வேட்டையில் வைத்திருக்கிறது. அந்த வேட்டையின் திருப்புமுனை நாய்களின் கையில் இருக்கிறது.

சேர்வராயனுக்குத் தென்கிழக்கே கொல்லிமலை. அந்த மலைக்குரிய வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பாணர் கூட்டத்துக்கு எய்தவன் யாரென்று தெரியாது. ஆளைப் பார்த்தால் இறைச்சி விற்பவனாகத் தோன்றவில்லை. இவன்தான் ஓரியோ என்று ஐயுற்றுப் பாடுகிறார்கள். தன் புகழைத் தன் முன்னாலேயே கேட்ட அவன் நாணுகிறான். பின் ஊனும் கள்ளும் பொன்னும் தருகிறான். அதே புலவரின் 150ஆம் பாடலில் நிலைமை இன்னும் நுட்பமானது. பசித்துக் களைத்து மரநிழலில் இருக்கும் அந்நியருக்கு வேடன் ஒருவன் தீக்கடைந்து மானிறைச்சி சுட்டுத் தருகிறான், அணிந்திருந்த ஆரத்தையும் கழற்றித் தருகிறான். 'எந்நாடு?' என்றால் சொல்லவில்லை. 'நீர் யார்?' என்றாலும் சொல்லவில்லை. வழியில் பிறரிடம் விசாரித்தே அவன் நள்ளி என்பதைப் புலவர் அறிகிறார்.

காட்டில் விருந்தாளிக்கும் வேடனுக்கும் இடையே இருக்கவேண்டிய முறை என்ன என்பதற்கு இவ்விரண்டு பாடல்களைவிடத் தெளிவான இலக்கணம் நம்மிடம் இல்லை. வேடன் பெயர் சொல்லமாட்டான். கேட்டறிந்து பாட்டில் வைப்பது விருந்தாளியின் கடன். சேக்கிழாரும் இக்கடனைத் தீர்த்தவரே. கண்ணப்பராகப்போகும் திண்ணன் முதல் வேட்டையில் வலையறுத்து ஓடிய பன்றியைத் துரத்தியபோது உடன் ஓடியவர் இருவர். நாணன், காடன் என்ற அவர்கள் பெயர் பெரியபுராணத்தில் இருக்கிறது.

1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை அறிமுகப்படுத்தினார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. துரைமார்களும் அவர்களுடைய துப்பாக்கிகளும் பெருகின. வடஇந்தியச் சமவெளியில் வெள்ளை அதிகாரிகள் காட்டுப்பன்றியைக் குதிரைமேலிருந்து ஈட்டியால் குத்தினார்கள். மீரட்டின் காதிர் கோப்பை அவ்விளையாட்டின் உச்சம். சாரணர் இயக்கம் கண்ட பேடன் பவல் 1883இல் அதை வென்றவர், 1889இல் அதுபற்றி ஒரு நூலே எழுதினார். குதிரை ஓடக்கூடிய நிலத்தில் பன்றியைச் சுடுவது அவர்கள் மரபில் இழிவு. குதிரை ஓடமுடியாத மலையில் அந்தத் தடை இல்லை. ஆகவே மலைநாட்டில் காட்டுப்பன்றி துப்பாக்கிக்கு உரியதாயிற்று. துப்பாக்கியின் முன்னால் பன்றியைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை மலைமக்களுக்கு உரியதாயிற்று.

அந்த வேலை என்னவென்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. காட்டைக் கலைத்து ஆடும் வேட்டையில் துப்பாக்கிக்கு வேலை சில நொடிகள்தாம். முந்தின நாளே மண் கிண்டிய இடம் ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சேற்றில் புரண்ட பன்றி மரத்தில் உடம்பைத் தேய்த்துச் சென்ற உயரத்தை வைத்து அதன் அளவைக் கணிக்கவேண்டும். எந்தப் புதரில் பகலுக்கு அடைந்திருக்கிறது, எந்தத் தடத்தில் வெளியேறும், காற்று எத்திசையில் வீசுகிறது என்றெல்லாம் அறிந்துதான் விருந்தாளியை நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கமுடியும். பிறகு வரிசை கட்டிப் பறையும் தகரமும் தட்டிக்கொண்டு நாய்களோடு புதருக்குள் இறங்கவேண்டும்.

காட்டுப்பன்றிக்கு ஓர் இயல்பு உண்டு. கலைக்கும் ஓசை நெருங்கியதும் மான் முன்னால் ஓடும். முதிர்ந்த ஆண்பன்றி பெரும்பாலும் அப்படி ஓடாது. புதருக்குள் அசையாமல் நின்று, ஆட்கள் அருகில் வந்ததும் திரும்பி அவர்களுடைய வரிசையைப் பிளந்துகொண்டு பாயும். அதன் கோரைப்பற்கள் கீழிருந்து மேலாகக் கிழிப்பவை. ஆளின் தொடைக்கும் நாயின் வயிற்றுக்கும் சரியான உயரம். ஆக, பன்றி வேட்டையில் உயிராபத்து துப்பாக்கி நின்ற பக்கத்தைவிடக் கழி நின்ற பக்கத்திலேயே அதிகம். குண்டுபட்டும் சாகாமல் புதர் புகுந்த பன்றியைத் தேடி முதலில் உள்ளே போனதும் நாயும் நாய்க்குரியவனுமே.

ஆங்கிலேயரின் வேட்டை நூல்களைப் புரட்டினால் வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் 'நான்'. விலங்கின் நீளம் அங்குலக் கணக்கில் இருக்கும், துப்பாக்கியின் பெயரும் இருக்கும். தடம் கண்டவன் 'என் வேட்டையாள்' என்றும், காட்டைக் கலைத்தவர்கள் ஒரு தொகையாகவும் வந்துபோவார்கள். விதிவிலக்குகள் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) அன்றைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கே, இப்போது தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த பென்னாகரம், சின்னாறு காடுகளைப் பற்றி நிறைய எழுதியவர். பைரா என்ற பூசாரிப் பழங்குடி மனிதரையும் ரங்கா என்ற துணைவரையும் பெயரோடும் குணத்தோடும் தம் நூல்களில் அவர் நிறுத்தினார். இன்றும் ஆண்டர்சனைப் படிப்பவர்கள் பைராவைப் பற்றிப் பேசுகிறார்கள். பெயர் எழுதப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு இது சான்று.

பெயரைவிடப் பெரிய இழப்பைச் சட்டம் கொண்டுவந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனின் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து நெடுங்காலம் விலக்கு இருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரே காடு, ஒரே பன்றி. துரை அழைத்துப் போகையில் அது விளையாட்டு, அதே மனிதன் மறுநாள் தன் தினைக்காகத் தானே போனால் அது திருட்டு. வேட்டைக்குத் துணையாக இருந்தவன் பதிவேட்டில் கள்ளவேட்டைக்காரன் ஆனது இப்படித்தான்.

தினைக்காக என்று சொன்னது அலங்காரத்துக்கு அன்று. மலைமக்கள் பன்றியை வேட்டையாடியதன் முதற்காரணம் பயிர். ஐங்குறுநூற்றில் கபிலர் கேழலுக்கென்றே ஒரு பத்துப் பாடியிருக்கிறார். நற்றிணையின் 119ஆம் பாடலில் தினையுண்ணும் பன்றிக்காகப் புனவன் வைத்த கல் பொறியில் புலி அகப்படுகிறது. இரவெல்லாம் பரணில் கண்விழித்தும் விடியலில் உழுதுபோட்டதுபோல் கிடக்கும் நிலம் சங்கப் புனவனுக்கும் இன்றைய சாமை, ராகி, மரவள்ளி பயிரிடுபவனுக்கும் பொதுவான காட்சி.

விடுதலைக்குப்பின் வந்த 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களை அடியோடு நிறுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் துரைக்கும் மலையாளிக்கும் ஒன்றாகவே கதவை அடைத்தன. இது தேவையான அடைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றாக அடைபட்ட கதவு இருவரையும் ஒன்றாகப் பாதிக்கவில்லை. ஒருவர் இழந்தது பொழுதுபோக்கை. மற்றவர் இழந்தது பயிர்க்காவலை, இறைச்சியை, வேட்டைநாய்க்கும் பங்கு வைக்கும் ஒரு பகிர்வு முறையை, அதனோடு சேர்ந்த அறிவை. பழங்குடியினரின் வரலாற்று அநீதியைத் திருத்துவதாகச் சொல்லி வந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல மரபுரிமைகளை ஏற்றது. வேட்டையாடுவதும் பொறிவைத்துப் பிடிப்பதுமான உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. பிரான்சிலும் இத்தாலியிலும் ஊர்க்காரர்கள் நாய்களோடு கூடிப் பன்றி வேட்டையாடுவதும், உரிமம் பெற்ற விருந்தாளி அவர்களோடு சேர்ந்துகொள்வதும் இன்றும் சட்டபூர்வமானவை. அங்கே அது கிராமத்தின் மரபு. இங்கே அது வழக்கு எண்.

வழக்கம் அடக்கப்பட்டால் அழிந்துவிடுவதில்லை, உருமாறுகிறது. சேர்வராயன் அடிவாரத்து வாழப்பாடிப் பகுதியில், சின்னமநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில், பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்துவந்து கோயில் முன் ஓடவிட்டு மீண்டும் விடுவிக்கும் வழக்கம் வனத்துறையின் தடையையும் அபராதத்தையும் மீறி வெகுகாலம் நடந்துவந்தது. இதைவிடக் கொடிய உருமாற்றம் அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்து வைத்துப் பன்றியின் வாயைச் சிதறடிக்கும் இந்த வெடி, தமிழகக் காட்டோரங்களில் யானைகளையும் கொன்றிருக்கிறது. தடம் பார்ப்பது, காற்றறிவது, ஆளோடு ஆள் நின்று நாயை நம்புவது ஆகிய எதுவும் இதற்குத் தேவையில்லை. வேட்டைக்கலை போன இடத்தில் வந்து உட்கார்ந்தது கொலைமட்டுமே.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022இலேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு இத்தகைய அதிகாரம் அளித்துவிட்டது. பன்றி பயிரை அழிக்கிறது, சுட்டால்தான் தீரும் என்பது இப்படி ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஒப்புக்கொள்ளப்படாதது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் யார் என்பதுதான். துப்பாக்கி மீண்டும் மேலிருந்து வருகிறது. தடம் காட்டுபவன் மீண்டும் பெயரில்லாமல் நிற்பான்.

வேட்டையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பது என் வாதமன்று. கடன் ஒன்று தீராமல் இருக்கிறது என்பதே வாதம். சேர்வராயன் மலையூர்களில் பழைய வேட்டைகளைக் கண்டும் கேட்டும் அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஓடைக்கும் பாறைக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர், பன்றியின் வயதுக்கும் பருவத்துக்கும் வழங்கும் சொற்கள், நாய்களை ஏவும் குரல்கள், இறைச்சியைப் பங்கிடும் கணக்கு ஆகியவை எந்தத் துரையின் நூலிலும் முழுமையாக இல்லை. நள்ளியின் பெயரை அவன் வாயிலிருந்து பெறமுடியாத வன்பரணர் வழிப்போக்கர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்று அதைக் கேட்கவேண்டியவர்கள் நாம். பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.