யாரிடம் அனுமதி கேட்பது?

2014 ஜனவரியில், நியூயோர்க்கைச் சேர்ந்த தொழில்நுட்ப முதலீட்டாளர் பிரெட் வில்சன் ஒரு கற்பனை உரையாடலை எழுதினார். இருக்கின்றவற்றை விடச் சிறந்த இசைச் சேவையொன்றைத் தொடங்கும் எண்ணத்துடன் ஒருவர் முதலீட்டாளரிடம் வருகிறார். முதலீட்டாளரோ கையை விரித்து விடுகிறார். பெரிய இசை நிறுவனங்கள் தொலைபேசி நிறுவனங்களுக்குப் பணம் செலுத்தித் தமது பாடல்கள் கட்டணமின்றி வாடிக்கையாளரைச் சென்றடைய வழிசெய்து விட்டன. புதியவரால் அவற்றுடன் போட்டியிட முடியாது என்கிறார்.

ருவிற்றர், எற்சி ஆகியவை சிறு நிறுவனங்களாக இருந்தபோதே அவற்றில் முதலிட்டவர் வில்சன். அவருடைய அச்சத்துக்குக் காரணம், அம்மாதம் 14 ஆம் திகதி வொஷிங்ரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். இணைய இணைப்பு வழங்குவோர் எல்லாத் தளங்களையும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்று அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2010 இல் இயற்றிய விதிகளின் முக்கிய பகுதிகளை அது தள்ளுபடி செய்தது.

கம்பியின் சொந்தக்காரருக்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் இடையிலான இவ்வழக்கு இணையத்தை விடப் பழையது. ஒரு காலத்தில் அமெரிக்கத் தொலைபேசி வலையமைப்பின் பெரும்பகுதி ஏரி அன்ட் ரி நிறுவனத்தின் கையில் இருந்தது. வீட்டு மேசையில் இருந்த தொலைபேசியும் அதற்கே சொந்தம். பேசுவது அயலாருக்குக் கேளாதிருக்க, வாய்ப்பகுதியில் பொருத்தும் சிறு கிண்ணத்தைக்கூட அந்நிறுவனம் தடை செய்தது. அத்தடை நியாயமற்றது என 1956 இல் நீதிமன்றம் கூறியது. பின்னர் ரெக்சாஸைச் சேர்ந்த தோமஸ் காட்டர், வானொலித் தொடர்பைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியொன்றைத் தயாரித்தார். 1968 இல் அவருக்குச் சார்பாகத் தீர்மானித்த ஆணைக்குழு, வலையமைப்புக்குத் தீங்கிழைக்காத பிறர் கருவிகளை இணைக்கத் தடையில்லை என்றது. பிற்காலத்தில் வீட்டுக் கணினிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த மோடம்களுக்கு வழிதிறந்தது அத்தீர்மானமே.

1993 ஏப்ரல் 30 இல், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் ஆய்வுகூடம் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. இனித் தளமொன்றைத் தொடங்குபவர் எவருக்கும் உரிமக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பத்திரிகை நடத்த அச்சு இயந்திரமும் காகிதமும் விநியோகமும் தேவைப்பட்ட காலத்தில் தொழில் பழகிய எம்போன்றோருக்கு இது எத்தகைய மாற்றம் என்பது புரியும்.

திறந்த கதவை மூடும் முயற்சி வேறு திசைகளிலிருந்தும் வந்தது. திரைப்பட, இசைத் துறையினரின் ஆதரவுடன் 2011 இல் அமெரிக்கக் காங்கிரசின் இரு சபைகளிலும் சட்டமூலங்கள் முன்வைக்கப்பட்டன. திருட்டுப் பிரதிகளை வெளியிடும் வெளிநாட்டுத் தளங்களை முடக்குவதே நோக்கம் எனப்பட்டது. ஆனால் அதன் சுமை, இணைப்பு வழங்குவோர் மீதும் தேடுபொறிகள் மீதும் ஏற்றப்பட்டது. பெரிய நிறுவனம் சட்டத்தரணிகளை அமர்த்திச் சமாளிக்கும். நான்கு பேர் கொண்ட நிறுவனம் முதல் வழக்கிலேயே மூடப்படும். எதிர்த்துக் குரல் கொடுத்த முதலீட்டாளர்களில் வில்சனும் ஒருவர். 2012 ஜனவரி 18 இல் ஆங்கில விக்கிப்பீடியா 24 மணிநேரம் இருளில் மூழ்கியது. இரு நாட்களில் சட்டமூலங்கள் ஒத்திவைக்கப்பட்டன, மீண்டும் எழவில்லை.

சமத்துவ விதிகளோ நிலைக்கவில்லை. 2015 இல் புதிதாக இயற்றப்பட்டு, 2017 இல் நீக்கப்பட்டு, 2024 இல் மீட்கப்பட்டு, 2025 ஜனவரி 2 இல் மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டன. ஆட்சி மாறினால் விதியும் மாறும் என்றால் அதை நம்பி எவர் முதலிடுவார்?

முதலீட்டாளர் தருமவான் அல்லர். தமது பணத்துக்கு இலாபம் தேடுபவர். ஆயினும் புதியவருக்கு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதில் அவருடைய நலனும் பொதுமக்களின் நலனும் ஒன்றாயின. ஆனால், திறந்த வாசலால் உள்ளே வந்து வளர்ந்தவர்களே பின்னர் காவலர்களாகவும் மாறினர். 2008 இல் அப்பிள் தொடங்கிய செயலிக் கடையில் எது இடம்பெறலாம் என்பதை அந்நிறுவனமே முடிவு செய்தது. விற்பனையில் 30 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டது. காட்டர் எழுப்பிய கேள்வி தொலைபேசிக் கம்பியிலிருந்து கைத்தொலைபேசித் திரைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.