ஒரு பீட்டுக்கு 24 டிக்: மிடி பிறந்த கதை

நோக்கியா காலத்து பாலிஃபோனிக் ரிங்டோன் ஞாபகம் இருக்கா? சில கேபி அளவுள்ள ஃபைல்தான். ஆனா பியானோ, டிரம்ஸ், புல்லாங்குழல்னு ஒரு கச்சேரியே அதுல ஓடும். எப்படி முடிஞ்சுதுன்னா, அந்த ஃபைலுக்குள்ள ஒரு நொடி ஒலிகூடக் கிடையாது. "இந்த நோட்டை இவ்வளவு அழுத்தமா வாசி, இப்ப கையை எடு" என்கிற கட்டளைகள் மட்டும்தான் இருக்கும். அதைப் படிச்சு சத்தம் போட்டது போனுக்குள்ள இருந்த சிப்.

அந்தக் கட்டளை மொழிக்குப் பெயர் மிடி. 1983-ல் வந்தது. இன்னைக்கு நீங்க ஆன்லைன்ல வாங்குற யூஎஸ்பி கீபோர்டும் அதே மொழியைத்தான் பேசுது. எங்க ஆபீஸ்ல ஒரு ஏபிஐ ரெண்டு வருஷம் மாறாம இருந்தாலே எல்லாரும் ஆச்சரியமா பார்ப்போம். இது நாற்பது வருஷத்தைத் தாண்டிடுச்சு. ஒருத்தர் மார்க்கெட்டை இன்னொருத்தர் பிடிக்கப் பார்த்த கம்பெனிகள் எப்படி ஒரே மொழிக்கு ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு என்னவெல்லாம் விட்டுக்கொடுத்தாங்க என்பதுதான் இந்த எபிசோட்.

முதல்ல 1970-களுக்குப் போவோம். அப்போ சிந்தசைசர்கள் மின்னழுத்தத்தில் பேசின. ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஆக்டேவ் மேலே போகும். இது மூக் வழி. கோர்க், யமஹாவின் சில கருவிகளோ வேறு கணக்கு வைத்திருந்தன. அங்கே ஒரு ஆக்டேவ் ஏற வோல்டேஜை இரட்டிப்பாக்க வேண்டும். இதிலிருந்து அதுக்கு வயர் இழுத்தா அபஸ்வரம்தான் வரும். தாளத்திலும் இதே கூத்து. டிரம் மெஷின்களை ஒன்றாக ஓட்ட ரோலண்ட் ஒரு பீட்டுக்கு 24 துடிப்புகள் அனுப்பியது. கோர்க் எதிர்பார்த்தது 48. ரோலண்டின் துடிப்பில் கோர்க் கருவியை ஓட்டினால் அது பாதி வேகத்தில் நடக்கும்.

ஒரு கம்பெனியின் பொருட்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும், வெளியாளோடு பேசாது. இன்னைக்கு போன் சார்ஜர்ல இதையே பார்த்துட்டோம், இல்லையா? வாடிக்கையாளரைக் கட்டிப்போட நல்ல வழிதான். ஆனா சிந்தசைசர் மார்க்கெட் அப்போ சின்னது. எல்லாரும் தனித்தனியா வேலி போட்டா, உள்ளே மேய மாடே இருக்காது.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் இகுதாரோ ககெஹாஷி. ரோலண்டை 1972-ல் ஒசாகாவில் தொடங்கியவர். இசைப் பயிற்சி கிடையாது. போருக்குப் பிந்தைய ஜப்பானில், பதின்ம வயதிலேயே கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை வைத்தவர், பிறகு ரேடியோவுக்கு வந்தார், அங்கிருந்து ஆர்கனுக்கு. பிற்காலத்தில் உலகத்து டிரம் மெஷின்களையெல்லாம் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்தவர் கடிகாரக் கடையில் ஆரம்பிச்சார் என்பதை நான் வேணும்னே இங்க சொல்றேன்.

1981 ஜூனில், அமெரிக்காவின் பெரிய இசைக்கருவி வர்த்தகக் கண்காட்சியான நேம் ஷோவில், ககெஹாஷி இந்தப் பேச்சை எடுத்தார். முதலில் பேசியது டாம் ஓபர்ஹைமிடம். ஓபர்ஹைம் கம்பெனியிடம் ஏற்கெனவே சொந்தமாக ஒரு இணைப்பு முறை இருந்தது, ஆனால் ககெஹாஷிக்கு அது சிக்கலாகத் தெரிந்தது. அடுத்து டேவ் ஸ்மித்.

டேவ் ஸ்மித் நம்ம ஆளு. பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கும் படித்தவர். கலிஃபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சின்ன கம்பெனி நடத்தினார். 1978-ல் அவர் கொண்டுவந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசருக்குள் மைக்ரோபிராசஸர் இருந்தது. ட்யூன் செய்த ஒலியை சேமித்து வைத்து, பட்டனைத் தட்டித் திரும்ப எடுக்கலாம். கருவிக்குள்ள பிராசஸர் வந்தாச்சு. அப்புறம் ரெண்டு பிராசஸரும் ஒண்ணோட ஒண்ணு பேசினா என்னன்னு ஒரு இன்ஜினியருக்குத் தோணாம இருக்குமா?

1981 நவம்பரில் ஸ்மித்தும் சக ஊழியர் செட் வுட்டும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டில் ஒரு கட்டுரை வைத்தார்கள். 'யுனிவர்சல் சிந்தசைசர் இன்டர்ஃபேஸ்' என்று பெயர். நொடிக்கு 19,200 பிட், கிட்டார் கேபிளின் கால் அங்குல ஜாக். அடுத்த சில மாதங்களில் அமெரிக்கக் கம்பெனிகள் பல ஆர்வம் காட்டி, பிறகு ஒவ்வொன்றாக நழுவின. சிலருக்கு இன்னும் வேகமான, இன்னும் பெரிய முறை வேணும். கடைசியில் உறுதியாக நின்றவர்கள் சீக்வென்ஷியலும், ஜப்பானின் ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் என்ற நான்கு கம்பெனிகளும்தான். பெயரிலும் ஒரு குட்டிப் பஞ்சாயத்து நடந்தது. ககெஹாஷிக்கு 'யூ-மீ' என்று ஒலிக்கும் யூஎம்ஐ பிடித்திருந்தது. ஸ்மித்துக்கு அது கொஞ்சம் அசட்டுத்தனமாகப் பட்டது. 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்று அவர் சொன்னதே நின்றது.

இனி விட்டுக்கொடுத்த கதை. எனக்கு இதுதான் ருசியான பகுதி.

செலவு ஏறக் கூடாது, அதுதான் முதல் விதி. கருவியின் விலையை ஏற்றுகிற முறையை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. அதனால் கடையில் மலிவாகக் கிடைத்த ஐந்து பின் டின் கனெக்டர். அதிலும் மூன்று பின்னுக்குத்தான் வேலை. வேகம் நொடிக்கு 31,250 பிட். விசித்திரமான எண்ணா இருக்கே என்றால், 10 லட்சத்தை 32-ஆல் வகுத்துப் பாருங்க. அந்தக் காலத்து ஒரு மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலிருந்து சுலபமாகப் பிரித்தெடுக்கலாம், தனிச் சிப் தேவையில்லை. ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணலை: உள்ளே வரும் பக்கத்தில் ஒரு ஆப்டோகப்ளர். சிக்னல் வெளிச்சமாகத் தாண்டி வரும், மின்சாரம் நேராகத் தொடாது. அதனால்தான் பத்துக் கருவிகளைக் கோர்த்தாலும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறுவதில்லை.

சரி, வயரில் என்னதான் போகுது? ஒரு கீயை அழுத்தினால் மூன்று பைட். முதலாவது 144: "முதல் சேனல், நோட் ஆன்". இரண்டாவது 60: நடு ஸி. மூன்றாவது அழுத்தம், 1 முதல் 127 வரை. ஏன் 255 வரை இல்லை? ஒவ்வொரு பைட்டிலும் முதல் பிட்டை 'இது கட்டளையா, தகவலா' என்று சொல்லவே ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் ஏழு பிட். ஒரு பைட் போக 0.32 மில்லி செகண்ட். மூன்று பைட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட். எட்டு விரலால் ஒரு கார்ட் அடிச்சா, எட்டாவது நோட் முதல் நோட்டைவிட ஏறத்தாழ ஏழு மில்லி செகண்ட் பின்னாடி வரும். காதுக்கு அது பொதுவா தெரியாது. ஆனா அதே வயரில் இன்னும் நாலு கருவிகளுக்கான கட்டளைகளும் சேர்ந்து போனால், தாளம் லேசா தள்ளாட ஆரம்பிக்கும்.

அதுக்கு அவங்க வெச்ச தீர்வுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தாளத்துக்கான துடிப்பு ஒரே பைட்: 248. ரோலண்டின் பழைய கணக்கே வென்றது. ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. 24-ஐ இரண்டால், மூன்றால், நான்கால், ஆறால், எட்டால் வகுக்கலாம். சதுஸ்ரமும் வரும், திஸ்ரமும் வரும். நிமிடத்துக்கு 120 பீட் என்றால் நொடிக்கு 48 துடிப்பு. இந்த 248-க்கு ஆம்புலன்ஸ் உரிமை உண்டு: வேறொரு கட்டளையின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே அது நுழைந்து போகலாம், கட்டளை கெடாது. 250 என்றால் முதலிலிருந்து தொடங்கு, 251 விட்ட இடத்திலிருந்து தொடர், 252 நிறுத்து. அவ்ளோதான்.

கவனிங்க, இதில் வேகம் எவ்வளவு என்கிற எண்ணே கிடையாது. நேர முத்திரையும் கிடையாது. வாங்கும் கருவி துடிப்புகளின் இடைவெளியை அளந்துதான் வேகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மிருதங்கக்காரர் பாடகரின் தொடையில் விழும் தாளத்தைப் பார்த்து வாசிப்பதுபோல. துடிப்பு கொஞ்சம் முன்பின் ஆனா, கருவியும் முன்பின் ஆகும். இதுக்காக எத்தனை பேர் வீட்டு ஸ்டுடியோவுல ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க.

1982 அக்டோபரில் ராபர்ட் மூக் 'கீபோர்டு' இதழில் மிடியை அறிவித்தார். 1983 ஜனவரி நேம் ஷோவில் சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரு கேபிளில் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது. போட்டிக் கம்பெனிகளின் ரெண்டு பெட்டிகள்! அதே ஆண்டு ஆகஸ்டில் 1.0 விதிகள் வெளியாகின. பயன்படுத்த ராயல்டி கிடையாது. யமஹாவின் டிஎக்ஸ்7 மிடியோடு வந்தது. 1985-ல் அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டர் மிடி போர்ட்டை உள்ளேயே வைத்து வந்தது. படுக்கையறை ஸ்டுடியோ பிறந்தாச்சு.

குறைகளும் அப்படியே உறைஞ்சு போச்சு. மிடி உலகத்தைப் பியானோவாகப் பார்க்கிறது: ஆக்டேவுக்குப் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தோடியின் காந்தாரம் எந்த எண்ணில் இருக்கு சொல்லுங்க? அது ஆடிக்கிட்டே இருக்கும் ஸ்வரம். பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பி ஓரளவு கொண்டுவரலாம்தான், ஆனா அது சேனல் முழுவதையும் வளைக்கும்; கூடவே பிடிச்சிருக்கிற ஸட்ஜமும் சேர்ந்து ஆடும். நோட்டுக்கு நோட் தனித்தனியாக வளைக்க ஒரு பொது விதி 2018-ல்தான் வந்தது. அதுவும் எப்படி? ஒவ்வொரு நோட்டையும் தனிச் சேனலில் அனுப்பி. பழைய விதியை உடைக்காம செஞ்ச ஜுகாடு. 2020 ஜனவரியில் அறிமுகமான மிடி 2.0-வில் அழுத்தத்துக்கு 16 பிட் உண்டு, இருவழிப் பேச்சும் உண்டு. ஆனா எதிர்ப் பக்கம் பதில் சொல்லலைன்னா, அது மரியாதையா 1.0-வுக்கே இறங்கிடும்.

நழுவிப்போன கம்பெனிகள் கேட்ட வேகமும் துல்லியமும் நியாயமானவைதான். எனக்குத் தெரிந்தவரை, அவர்களுக்காகக் காத்திருந்தால் இப்படி ஒன்று வந்தே இருக்காது.

யார் விலை கொடுத்தது? மிடி வந்து நாலே வருஷம். 1987-ல் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் மூடும் நிலைக்கு வந்து, யமஹாவின் கைக்குப் போனது. மிடிதான் காரணம்னு சொல்ல மாட்டேன், சின்ன கம்பெனிகளுக்கு அது கடினமான காலம். ஆனா எந்தக் கருவியும் எந்தக் கருவியோடும் சேரும்னு ஆனபிறகு, மலிவாகப் பெருமளவில் செய்யத் தெரிந்தவர்களுக்கே லாபம் அதிகம். அந்தக் கதவைத் திறந்துவிட்டதில் ஸ்மித்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் 2002-ல் தன் சொந்தப் பெயரில் மறுபடி கருவி செய்ய ஆரம்பித்தார். 2013-ல் அவருக்கும் ககெஹாஷிக்கும் சேர்த்து டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். 2015-ல் ககெஹாஷி ஒரு காரியம் செய்தார். தன் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம் அது: யமஹாவின் தலைவரிடம் பேசி, 'சீக்வென்ஷியல்' என்ற பெயரை ஸ்மித்திடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். யமஹாவும் கொடுத்தது. அந்த ஆண்டே சீக்வென்ஷியல் என்ற பெயர் பொறித்த ப்ராஃபெட்-6 வெளிவந்தது. ககெஹாஷி 2017-லும் ஸ்மித் 2022-லும் காலமானார்கள். ப்ராஃபெட்-6-இன் பின்பக்கத்தில் யூஎஸ்பிக்குப் பக்கத்திலேயே மிடியின் அந்த ஐந்து பின் துளைகளும் இருக்கின்றன.