தோட்டி: ஒரு சொல்லின் வீழ்ச்சி

திண்டுக்கல்லின் தெருக்களில் காலையில் குப்பை வண்டியின் ஓசை கேட்டதும், "குப்பைக்காரர் வந்துவிட்டார்" என்று வீட்டினுள்ளிருந்து ஒரு குரல் எழும். பால்காரரிடம் பால் உண்டு. பூக்காரரிடம் பூ உண்டு. குப்பைக்காரரின் வண்டியில் இருப்பது அவருடைய குப்பையா? நம்முடையதல்லவா? பொருள் நமதாயிருக்க, பெயரை மட்டும் அவருக்குச் சூட்டிவிட்டோம்.

இவ்வழக்கம் புதியதன்று. இப்பணி செய்வோரை முன்பு 'தோட்டி' என்றனர். இன்று வசையாக ஒலிக்கும் இச்சொல்லின் வரலாறு சிந்திக்கத்தக்கது. திருக்குறளின் 24ஆம் குறளில் தோட்டி என்பது யானையை அடக்கும் அங்குசம். ஊர் ஊழியரான தோட்டியையோ பழைய கிராம நிருவாகத்தில் காண்கிறோம்.

திப்பு சுல்தானுடன் 1792இல் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை ஆங்கிலக் கும்பினியாரின் கைக்கு வந்தது. கும்பினி ஆட்சியை ஆராய்ந்து பிரித்தானிய நாடாளுமன்றக் குழு 1812இல் அளித்த ஐந்தாம் அறிக்கை, சென்னை மாகாணக் கிராமங்களின் ஊழியர் வரிசையில் கர்ணம், தலையாரி ஆகியோருடன் தோட்டியையும் குறிக்கிறது. குற்றங்களைத் துப்பறிவதும் வழிப்போக்கருக்குத் துணை செல்வதும் தலையாரியின் கடமை. ஊருக்குள் இருந்து பயிரைக் காப்பதும், விளைச்சலை அளக்க உதவுவதும் தோட்டியின் கடமை. மலம் அள்ளுவதை அவ்வறிக்கை அவருடைய கடமையாகக் கூறவில்லை. அக்காலம் பொற்காலமன்று, பிறப்பே தொழிலை விதித்தது, தீண்டாமையும் இருந்தது. ஆயினும் தோட்டி ஊரின் விளைச்சலைக் காத்த காவலர்.

நகரங்கள் வளர்ந்தபோது சொல் தாழ்ந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1866இல் திண்டுக்கல் நகராட்சி தோன்றியது. பாதாளச் சாக்கடை இல்லாத அக்கால நகரங்களில், எடுப்புக் கக்கூசுகளைச் சுத்தம் செய்ய ஒடுக்கப்பட்ட சாதியினரே அமர்த்தப்பட்டனர். தோட்டி என்னும் பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. ஆலப்புழை நகரைக் களமாகக் கொண்டு தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய 'தோட்டியின் மகன்' நாவலில் அச்சொல் மலம் அள்ளுபவரையே குறித்தது. அதனைத் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி.

பின்னர் 'துப்புரவுத் தொழிலாளர்' என்றோம். 1050ஆம் குறளில் துப்புரவு என்பது நுகர்தற்குரிய பொருள். அந்த இனிய சொல்லும் நம் வாயில் தாழ்ந்தது. 2020இல் தமிழக அரசு 'தூய்மைப் பணியாளர்' என்னும் பெயரைத் தந்தது. நல்ல பெயரே. ஆனால், இதுவும் தாழாது என்பதற்கு என்ன உறுதி?

பெயர்களில் குற்றமில்லை. மனிதர் கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. அதன் பின்பும் சாக்கடைக் குழிகளில் உயிர்கள் மாய்ந்தன. 2023இல் உச்சநீதிமன்றம் அத்தகைய சாவுக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியதாயிற்று. தொழிலின் இழிவு நீங்காதவரை, எந்தப் பெயர் சூட்டினும் அது விரைவில் கறைபடும்.

நம் வாசலுக்கும் இதில் பங்குண்டு. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தரும் கடமையை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டார்மேல் வைத்தன. உடைந்த கண்ணாடியைச் சோற்றோடு கலந்து கொட்டிவிட்டு, 'தூய்மைப் பணியாளரே' என்று மரியாதையாக அழைப்பதில் பயனென்ன? அவருடைய விரல் வெட்டுப்படாதபடி அந்தக் கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே கொடுப்போம். மரியாதை அங்கே தொடங்கட்டும்.