தலைமை யாருக்குச் சொந்தம்?

தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்குச் செக்ரோல் புத்தகம் புதிதன்று. ஒருவன் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தான் என்பது ஒரு கட்டம். என்ன வேலை முடித்தான் என்பது மற்றொரு கட்டம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் கிராணி இலன். ஆயினும் அரசியல் தலைவர்களை மதிப்பிடும்போது மட்டும் நம் ஜனங்கள் முதற் கட்டத்தைக் கண்டே மாலை சூட்டிவிடுகின்றனர்! ம.இ.கா.வின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. நேதாஜியின் இயக்கத்தில் பங்குகொண்ட வழக்கறிஞர் ஜான் திவி முதல் அக்கிராசனரானார். அவருக்குப்பின் புத் சிங், கே. ராமநாதன், கே. எல். தேவாசர் ஆகியோர் வந்தனர். 9 வருஷங்களில் நால்வர்! அவர்தம் கல்வியிலும் தேசபக்தியிலும் குறையில்லை. ஆனால் லயத்துத் தமிழனுக்கு அந்த மேடை எட்டாத உயரத்தில் நின்றது.

1955-இல் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் தலைமையேற்றார். கட்சி தமிழ் பேசிற்று. தோட்டத் தொழிலாளர் அதனுட் புகுந்தனர். அக்காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையோடு வீடும் போயிற்று. இதற்கு மாற்றாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மரம் வெட்டிய கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டி, தொழிலாளரே தோட்டங்களுக்கு உடைமையாளராயினர். கண்ணீர் வடிக்கும் பேச்சு ஆயிரம் கேட்டோம். நிலம் வாங்கிய செயல் இஃதொன்றே எனலாம்.

1973-இல் வி. மாணிக்கவாசகம் வந்தார். 1979-இல் அவர் மறைய, ச. சாமிவேலு பொறுப்பேற்று 2010 வரை, 31 வருஷம், வீற்றிருந்தார். கெடாவிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவர் காலத்து நற்பணியாகும். அதை மறைப்பது நேர்மையன்று. அதே காலத்தில் 1982-இல் எழுந்த மைக்கா நிறுவனத்தில், நகை அடகுவைத்தும் பங்கு வாங்கிய ஏழைகள் எதிர்பார்த்த பலனைக் காணவில்லை. அதையும் மறைப்பது நேர்மையன்று.

சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி 1959 முதல் 2008 வரை இவ்விரு தலைவர் கையிலேயே, ஒருவர்பின் ஒருவராக, இருந்தது. 2007 நவம்பரில் தலைநகர வீதியில் இந்தியர் திரண்டனர். அடுத்த மார்ச்சுத் தேர்தலில் அத்தொகுதி கைநழுவியது. 2004-இல் நாடாளுமன்றத்தில் 9 இடம் பெற்ற கட்சிக்கு 3 இடமே மிஞ்சிற்று. அவற்றுள் ஒன்று காம்பாருக்கு அண்டையிலுள்ள தாப்பா.

பின்னர் ஜி. பழனிவேல், டாக்டர் எஸ். சுப்ரமணியம் ஆகியோர் வந்தனர். 2013-இன் உட்கட்சித் தேர்தல் செல்லாதென்று சங்கப் பதிவிலாகா கூற, பூசலே வேலையாயிற்று. 2018-இல் எஸ். ஏ. விக்னேஸ்வரன் பதவிக்கு வந்தார்; முதல்வரிலிருந்து எண்ணினால் பத்தாமவர்.

தோழர்களே! பதின்மருள் இருவர் சேர்ந்து ஆண்டது 49 வருஷம். ஆனால் சம்பந்தன் 1979-இல் மறைந்த பின்னும் அக்கூட்டுறவுச் சங்கம் நிற்கிறது. தலைவன் போனபின் நிற்பது எதுவோ அதுவே அவன் வேலை. இரண்டாம் கட்டத்தை நிரப்பும் பேனா நம் கையிலன்றோ இருக்கிறது? மாலை வாங்குமுன் அக்கட்டத்தைப் பார்ப்போமாக.